பாஸ் கிளாரினெட் என்னும் மந்தரக் குழல்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என ஐவகையாகப் பகுத்துரைப்பது நம் முன்னோர் வழக்கு. துளைக்கருவி என்றவுடன் நம்மனோர்க்கு நினைவில் எழுவன குழலும் நாகசுரமுமே. மேனாட்டார் கையாளும் துளைக்கருவிகளுள் ஒன்றாகிய பாஸ் கிளாரினெட்டோ நம்முள் பெரும்பாலார் கண்டும் கேட்டும் அறியாதது. அதன் வரலாற்றையும், நம் காலத்து இசையில் அஃது ஆற்றிவரும் தொண்டினையும் இயன்ற அளவு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கருவி நூறாண்டுக்கு மேலாக வாத்தியக் குழுவின் பின்வரிசையில் அடங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் முன்வந்து தனித்து நின்று பேசத் தொடங்கியது. அங்ஙனம் பேசிய துறைகள் மூன்று. இக்கால இசையாசிரியர் எழுதிய புதிய உருப்படிகள் ஒன்று. எழுதிய குறிப்பின்றி மனோதர்மமாக அவ்வப்போது கற்பித்து வாசிக்கும் இசை மற்றொன்று. மின்னணுக் கருவிகளோடு கூடிய இசை மூன்றாவது. இம்மூன்றனையும் நோக்குங்கால் ஒரு வினா நம் முன் நிற்கின்றது. பழகாத ஒலியொன்று செவியிற் பட்டவுடன் ‘இஃது இசையன்று’ என்று தள்ளிவிடுதல் முறையாகுமா? இவ்வினா இசை பயில்வோர்க்கு மட்டும் உரியதன்று. புதிய செய்யுளையும் புதிய உரைநடையையும் மதிப்பிடப் புகும் இலக்கிய மாணவர்க்கும் உரியதேயாம்.

கருவியின் இயல்பு

கிளாரினெட் என்னும் குழலை 1700-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தவரான யோகான் கிறிஸ்டோப் டென்னர் என்பார் ஆக்கினார் என்பர். நாகசுரத்தின் சீவாளி இரட்டை நாக்குடையது. கிளாரினெட்டின் ஊதுவாயிலோ ஒற்றை நாணற்கீற்றே பிணிக்கப்பட்டிருக்கும். ஊதுங்கால் அக்கீற்று அதிர, அதனால் குழலினுள் அடங்கிய காற்று அதிர்ந்து ஒலியாகின்றது. பாஸ் கிளாரினெட், சாதாரணக் கிளாரினெட்டிற்கு ஒரு ஸ்தாயி தாழ ஒலிப்பது. ஆதலின் அதன் குழல் ஏறக்குறைய இருமடங்கு நீளமுடையது. கரிய மரத்தாலாகிய நேரான உடலும், தலைப்பில் வளைந்த உலோகக் கழுத்தும், அடியில் மேல்நோக்கி வளைந்த உலோக அணசும் அதன் உறுப்புகள். பாரம் மிக்கதாதலின், அடியில் முளையொன்றைப் பொருத்தித் தரையில் ஊன்றியோ, கழுத்தில் மாட்டிய வாரினால் தாங்கியோ வாசிப்பர். முழுநீளக் கருவிகளில் மிகத் தாழ்ந்த சுரம் வினாடிக்கு ஏறத்தாழ 58 அதிர்ச்சிகளையுடையது. ஆண்டுத் தொடங்கி நான்கு ஸ்தாயி அளவு மேலேறுதல் வல்லவர்க்கு எளிது.

குழலையும் நாகசுரத்தையும் அழுத்தி ஊதினால், அதே விரலமைப்பில் ஒரு ஸ்தாயி மேற்பட்ட சுரம் பிறக்கும். கிளாரினெட் வகையில் அவ்வாறன்று. அது நெடுகிலும் ஒரே அகலமுடைய குழாய். கீற்றுள்ள முனை அடைப்புண்டது போன்று தொழிற்படுவது. ஆகவே மூலசுரத்தின் இருமடங்கு அதிர்வு தோன்றாது மும்மடங்கு அதிர்வே முதலில் தோன்றும். ஸட்ஜத்தை ஊதிய விரலமைப்பிலேயே மேல் ஸ்தாயிப் பஞ்சமம் எழும் என்பது கருத்து. மூலசுரம் மிகத் தாழ்ந்ததாதலின், அதன்மேல் அடுக்கடுக்காய் நிற்கும் அனுசுரங்கள் பலவும் செவிக்கு எட்டும் எல்லையிலேயே அமைகின்றன. உதட்டின் அழுத்தத்தையும் தொண்டையின் அமைப்பையும் சிறிது மாற்றினால் அவற்றுள் இரண்டு மூன்றனை ஒருங்கே ஒலிக்கச் செய்தலும் கூடும். ஒரு குழலில் ஒரு காலத்து ஒரு சுரமே பிறக்கும் என்னும் பொதுவிதி இங்ஙனம் நெகிழ்கின்றது. பின்னாளில் இக்கருவி பெற்ற பெருமைக்கெல்லாம் இவ்வியல்பே வித்து.

பின்வரிசையில் இருந்த காலம்

1793-ஆம் ஆண்டில் டிரெஸ்டன் நகரத்து ஹைன்ரிக் கிரென்சர் என்பார் பாஸ் கிளாரினெட் ஒன்றைச் செய்தார். எனினும், அதற்கு இக்காலத்து வடிவத்தின் அடிப்படையை அளித்தவர், பின்னாளில் சாக்ஸபோனைக் கண்டு புகழெய்திய பெல்ஜிய நாட்டு அடால்ப் சாக்ஸ் என்பவரே. அவர் தம் இளமையிலேயே, 1838-ஆம் ஆண்டில், இக்கருவிக்கு உரிமைப் பட்டயம் பெற்றார்.

இசைநாடக ஆசிரியர்கள் இக்கருவியின் கம்பீரமான குரலை அருமையாகவே பயன்படுத்தினர். 1836-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அரங்கேறிய மையர்பேரின் ‘லே ஹியூகனோ’ என்னும் இசைநாடகம், 1572-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் புரொட்டஸ்டாண்டுகள் கொலையுண்ட நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டது. அதன் ஐந்தாம் அங்கத்தில், சாவு நெருங்கிய வேளையில் காதலர் இருவரை முதியவர் ஒருவர் வினவி மணம் பிணிக்குமிடத்து, பாஸ் கிளாரினெட் ஒன்றே துணையாக ஒலிக்கின்றது. 1865-ஆம் ஆண்டில் அரங்கேறிய வாக்னரின் ‘டிரிஸ்டனும் இசோல்டேயும்’ என்னும் நாடகத்தில் மார்க்கே மன்னனின் துயரையும், 1892-ஆம் ஆண்டில் அரங்கேறிய சைகோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ என்னும் நாட்டிய நாடகத்தில் வனதேவதை போன்ற ஒருத்தியின் நடனத்தையும் இக்கருவி தொட்டுச் செல்கின்றது. அவையெல்லாம் சில அடிகளே. இவற்றை வாசித்தவர் மீண்டும் நெடுநேரம் வாளாவிருத்தல் வேண்டும். சபையோர் முன் தனித்து நின்று ஒரு கச்சேரி முழுதும் இதனை வாசிக்கலாம் என்று எவரும் எண்ணிலர்.

எழுதப்பட்ட புத்திசை

அங்ஙனம் எண்ணியவர் செக்கோஸ்லோவேக்கிய நாட்டு யோசெப் ஹோராக் (1931-2005) என்பவர். 1955-ஆம் ஆண்டில் பிர்னோ நகரில் இவர் நிகழ்த்தியதே பாஸ் கிளாரினெட்டிற்கென நடந்த முதல் தனிக்கச்சேரி என்று வரலாறு கூறும். 1963-ஆம் ஆண்டு முதல் எம்மா கோவார்னோவா என்னும் பியானோ வித்துவாம்சினியாருடன் இணைந்து பல நாடுகளிலும் வாசித்து வந்தார். வாசிப்பதற்கு உருப்படிகள் இல்லையே என்று இவர் சோர்ந்திலர். பிற கருவிகளுக்கு எழுதியவற்றை மாற்றியமைத்துக்கொண்டார். இசையாசிரியர்களை அணுகிப் புதியன எழுதுமாறும் வேண்டினார்.

இவ்வழியை மேலும் அகலப்படுத்தியவர் ஆம்ஸ்டர்டாம் நகரிற் பிறந்த ஹாரி ஸ்பார்னே (1944-2017) ஆவார். டெனர் சாக்ஸபோனில் ஜாஸ் வாசித்துத் தொடங்கியவர் அவர். பின்பு கிளாரினெட் பயின்று, முடிவில் பாஸ் கிளாரினெட்டிற்கே தம்மை ஒப்புவித்தார். 1972-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுக் கௌடேயாமுஸ் போட்டியில் முதற்பரிசு பெற்றார். புத்திசை வாசிப்போர்க்குரிய அப்போட்டியில் பாஸ் கிளாரினெட் வாசித்தார் ஒருவர் வென்றது அதுவே முதன்முறை. அவருக்கென எழுதப்பெற்ற உருப்படிகள் 500-க்கு மேற்பட்டன. கிரேக்க மரபினரான செனாக்கிஸ் 1989-ஆம் ஆண்டில் இயற்றிய ‘எஷாஞ்ஜ்’ என்பது அவற்றுள் ஒன்று. ஆங்கிலேயரான பெர்னிஹோ 1977-ஆம் ஆண்டில் முடித்த, தனிக் கருவிக்குரிய ‘காலமும் இயக்கமும் பற்றிய ஆய்வு, முதலாவது’ என்பது, காண்போர் கண் கூசுமளவு சுரக்குறிகள் செறிந்தது. நம் புலவர் நால்வகைக் கவிகளுள் சித்திரகவி என்றதனோடு இதனை ஒப்பிடலாம். அரிய கட்டுப்பாடுகளைத் தானே விதித்துக்கொண்டு அவற்றின் நடுவே உயிர்ப்போடு இயங்குதல் இரண்டற்கும் பொது.

இவ்வுருப்படிகளில் வழங்கும் ஒலிகள் பலதிறத்தன. நாவினால் கீற்றை உறிஞ்சி விடுவித்தலால் எழும் ‘சப்’பென்ற ஓசை, சாவிகளை மட்டும் தட்டுதலால் எழும் மெல்லோசை, சுரமின்றிக் காற்று மட்டும் குழலினூடு செல்லும் ஓசை, ஊதிக்கொண்டே மிடற்றினாற் பாடுதல் என்பன சில. மூச்சு இடையறாது ஊதும் முறையும் உண்டு. கன்னத்தில் அடக்கிய காற்றை வெளிவிடும்பொழுதே மூக்கினால் உள்வாங்கிக்கொள்வது அது. நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுவாரை உற்று நோக்கினார்க்கு இது புதிதன்று.

இவற்றை வெறும் வேடிக்கை என்று இகழ்வாருளர். தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்றார் அவ்வாறு கூறார் என்பது எம் கருத்து. உந்தியினின்று எழுந்த காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, நாவும் பல்லும் இதழும் மூக்கும் அண்ணமும் தொழிற்பட எழுத்தொலியாகின்றது என்பது அவ்வாசிரியர் கண்ட உண்மை. உயிரொலி மட்டுமே மொழியாகாது. வல்லெழுத்தின் வெடிப்பும் மெல்லெழுத்தின் மூக்கொலியும் கூடியே மொழி நிரம்புகின்றது. சுரம் என்னும் உயிரொலி ஒன்றனையே குழலுக்குரியதாகக் கொண்டிருந்த வழக்கத்தை விடுத்து, அதன் மெய்யெழுத்துகளையும் இவர்கள் தேடிக் கண்டனர். இத்தேட்டம் எல்லா உருப்படியிலும் பயன் தந்ததென்று யாம் கூறவில்லை. இலக்கணத்திற்குப் புறம்பானதன்று என்பதே எம் துணிபு.

மனோதர்ம இசை

எழுதிய குறிப்பின்றி வாசிக்கும் துறையில் இக்கருவிக்கு முதல்வராக மதிக்கப்பெறுபவர், அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்த நீக்ரோ மரபினரான எரிக் டால்பி (1928-1964). ஆல்டோ சாக்ஸபோன், புல்லாங்குழல், பாஸ் கிளாரினெட் என்னும் மூன்றனையும் அவர் ஆண்டார். ஜாஸ் இசையில் அதற்குமுன் அருகியே கேட்கப்பட்ட பாஸ் கிளாரினெட், அவர் கையில் முதன்மைக் கருவியாயிற்று. 1961-ஆம் ஆண்டு செப்டம்பரில் கோபன்ஹேகன் நகரில், ‘காட் பிளெஸ் த சைல்டு’ என்னும் பெயர்பெற்ற பாட்டினை, பக்கவாத்தியம் எதுவுமின்றித் தன்னந்தனியே இக்கருவியில் வாசித்தார். பாட்டின் மெட்டு ஒருகால் வெளிப்பட்டும் ஒருகால் மறைந்தும் வர, மந்தரத்தினின்று தாரத்திற்கு அலையென ஏறியிறங்கும் அவ்வாசிப்பை, இன்றும் இக்கருவி பயில்வோர் ஏட்டில் எழுதிக்கொண்டு பயில்கின்றனர். அதே ஆண்டு நவம்பரில், நியூயார்க்கில் ஜான் கோல்ட்ரேன் என்பாரின் குழுவில் சேர்ந்து, ‘இந்தியா’ எனப் பெயரிட்ட உருப்படியில் பாஸ் கிளாரினெட் வாசித்தார். ஆதார சுருதியொன்றன்மேல் நெடிது விரியும் அவ்வமைப்பு, கோல்ட்ரேன் நம் நாட்டிசையில் கொண்டிருந்த ஈடுபாட்டின் பயன்.

அக்காலத்தே அவர்க்குக் கிடைத்த வரவேற்பு யாது? அந்த நவம்பர் மாதத்திலேயே ‘டவுன் பீட்’ என்னும் பத்திரிகையில் விமர்சகர் ஒருவர் இவ்விருவரின் இசையை ஜாஸுக்கே பகையான இசை என்று எழுதினார். 1962-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே பத்திரிகை இருவர் விடையையும் வெளியிட்டது. பறவைகளின் குரலில் நம் சுரங்களுக்கு இடைப்பட்ட நுண்சுரங்கள் இருத்தலையும், இளமையில் தாம் பறவைகளோடு சேர்ந்து வாசித்ததையும் டால்பி அதில் அமைதியாக எடுத்துரைத்தார். வசைக்கு வசை கூறிற்றிலர். நம் நாட்டிசையில் பயின்ற செவிக்கு நுண்சுரம் குற்றமாகத் தோன்றாது. பன்னிரு சுரப்படிகளில் மட்டுமே பழகிய செவிக்கு அது சுருதி பிசகியதாகத் தோன்றிற்று. குற்றம் ஒலியினிடத்ததோ, கேட்போர் பழக்கத்தினிடத்ததோ என்று ஆராய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் தக்கது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

கொடுத்த பொருளில் கொடுத்த யாப்பில் அக்கணமே பாடுபவனை ஆசுகவி என்றனர் நம் புலவர். ஆசுகவி இலக்கணம் கல்லாதவனல்லன். கற்றதனைத் தன் குருதியிற் கலக்கச் செய்தவன். டால்பியும் அத்தகையரே. பிறர் எழுதிய கடினமான உருப்படிகளைப் பார்த்தவுடன் வாசிக்கும் திறமும், இடைவிடாத சாதகமும் அவர்பால் இருந்தன. கட்டற்றது போன்று தோன்றும் வாசிப்பின் கீழ்ப் பல்லாண்டுக் கட்டுப்பாடு கிடந்தது.

1964-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஹாலந்து நாட்டு ஹில்வர்சம் நகரில் அவர் வாசித்தது ஒலிப்பதிவு செய்யப்பட்டது. வாசித்து முடிந்த இசை காற்றிற் கலந்து போய்விடுகின்றது, அதனை மீளப் பிடித்தல் இயலாது என்னும் கருத்துப்பட அவர் கூறிய மொழிகளும் அப்பதிவின் இறுதியில் ஒலிக்கின்றன. அம்மாதம் 29-ஆம் நாள் பெர்லின் நகரில் நீரிழிவு நோயால் தம் 36-ஆம் வயதில் அவர் இறந்தார். பெருநாரை, பெருங்குருகு என்னும் இசைத்தமிழ் நூல்களைப் பெயரளவில் மட்டும் கேட்டு நிற்கும் நமக்கு அச்சொல்லின் துயரம் நன்கு விளங்கும். ஆயின், போய்விடுகின்றது என்று அவர் கூறிய சொல்லே போகாமல் நிலைத்ததற்கு ஒலிப்பதிவு என்னும் பொறியன்றோ காரணம்? இவ்விடத்தில் நாம் மூன்றாம் துறையை அணுகுகின்றோம்.

மின்னணு இசை

1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மூன்று நாட்களில், மைல்ஸ் டேவிஸ் என்னும் எக்காளக் கலைஞர் ‘பிட்சஸ் பிரூ’ என்னும் இசைத்தட்டிற்கு ஒலிப்பதிவு நடத்தினார். மின்விசைப் பியானோக்களும் மின்விசைக் கித்தாரும் முழங்கிய அக்குழுவில் பென்னி மாப்பின் என்பவர் பாஸ் கிளாரினெட் வாசித்தார். பேரொலியின் அடியில் நிழல்போல் ஊர்ந்து செல்லும் அதன் குரல், அவ்விசைக்கே தனி நிறம் ஊட்டிற்று. பின்பு தியோ மாசெரோ என்பார் ஒலிநாடாவை வெட்டியும் ஒட்டியும் சில பகுதிகளை மீண்டும் மீண்டும் வரச் செய்தும் உருப்படிகளை அமைத்தார். வாசித்தது மனோதர்மம், அமைத்தது கத்தரிக்கோல். இரண்டும் கூடியதே நாம் கேட்கும் இசை.

இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு, அமெரிக்க இசையாசிரியர் ஸ்டீவ் ரைக் 1985-ஆம் ஆண்டில் இயற்றிய ‘நியூயார்க் கௌண்டர்பாயிண்ட்’ என்பது. இதில் வாசிப்பவர் ஒருவரே. அவர் கிளாரினெட்டிலும் பாஸ் கிளாரினெட்டிலும் பத்துப் பகுதிகளை முன்னரே பதிவு செய்துகொண்டு, சபையில் அப்பதிவு ஒலிக்க, பதினோராம் பகுதியை நேரில் வாசிப்பார். மூன்று பிரிவுகளையுடைய இதன் இறுதிப் பிரிவில் தாள நயம் ஒன்று கருதத்தக்கது. பன்னிரண்டு சிற்றளவுகள் ஒரு சுற்று. அவற்றை நந்நான்காக மூன்று எனவும் எண்ணலாம். மும்மூன்றாக நான்கு எனவும் எண்ணலாம். நாம் சதுஸ்ரம், திஸ்ரம் என்று கூறும் நடைகள் இவை. மேற்குரல்கள் பெரிதும் மாறாதிருக்க, பாஸ் கிளாரினெட்டுகள் ஒருகால் ஒன்றனையும் மற்றொருகால் மற்றதனையும் அழுத்திக் காட்டுகின்றன. மேலே யாதொரு மாற்றமும் இல்லாதிருக்கவும், கேட்போர்க்கு இசை முழுதுமே திரும்பி நின்றது போன்று தோன்றும். மந்தரக் குரல் அடியில் இருந்துகொண்டே முழுமையை ஆளும் திறம் இஃது.

மின்விசை இக்கருவிக்குச் செய்த உதவி மற்றொன்றும் உண்டு. சாவியின் மெல்லோசை, மூச்சின் உராய்வு முதலியன அரங்கின் கடைசி வரிசைக்கு எட்டா. ஒலிவாங்கியை அருகே வைத்தவிடத்து அவை முரசு போலவும் கடல் போலவும் பெருகுகின்றன. இக்காலத்துக் கணிப்பொறி, வாசிக்கும்பொழுதே அவ்வொலியை ஏற்று, சிறிது தாழ்த்தித் திரும்ப ஒலித்தும், சுருதி மாற்றியும், அடுக்கியும் தரவல்லது. வாசிப்பவர் தாம் சற்றுமுன் ஊதியதற்கே விடை ஊதுகின்றார். இங்கே எழுதிய இசை, மனோதர்மம், பொறி என்னும் மூன்றும் ஒன்றாகின்றன.

பொறி வந்தபின் மனிதன் எதற்கு என்று கேட்பார்க்கு ஒரு விடை கூறுதும். ரைக் 1976-ஆம் ஆண்டில் முடித்த ‘பதினெண்மர்க்குரிய இசை’ என்பதில், கிளாரினெட்டும் பாஸ் கிளாரினெட்டும் ஒரே சுரத்தைத் துடிதுடியாக ஊதுங்கால், அத்துடிப்பு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. வாசிப்பவரின் ஒரு மூச்சே தீர்மானிக்கின்றது. இவான் சிபோரின் (பிறப்பு 1959) என்னும் அமெரிக்கக் கலைஞர், ஜார்ஜியா தேசத்துத் திருச்சபையில் ‘பரிசுத்த தேவன்’ என்னும் பொருள்படப் பாடப்பெறும் ‘த்ஸ்மிந்தாவ் க்மேர்த்தோ’ என்னும் பழம் பாடலைப் பாஸ் கிளாரினெட்டிற்கு அமைத்தார். அதில் ஒருவரே குழலை ஊதிக்கொண்டு மிடற்றினாலும் பாடுகின்றார். துளைக்கருவியும் மிடற்றுக்கருவியும் ஒன்றாய்விடுகின்றன. பல குரல் கூடிப் பாடிய வழிபாட்டுப் பாடல் ஒருவரின் ஒரு மூச்சில் அடங்குகின்றது.

நம் நாட்டுத் தொடர்பு

பாஸ் கிளாரினெட் நம் சபைகளுக்கு வந்ததில்லையாயினும், அதன் இளைய உடன்பிறப்பாகிய கிளாரினெட் நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையில் மகாதேவ நட்டுவனார் முதலியோர் அதனைச் சதிர்க் கச்சேரியிற் புகுத்தினர். சின்னமேளத்தில் முகவீணையின் இடத்தை அது பெற்றது. பின்பு, 1931-ஆம் ஆண்டிற் பிறந்த ஏ. கே. சி. நடராஜன் அவர்கள், சாவிகள் பொருந்திய அக்கருவியில் நாகசுர பாணியிற் கமகங்களை இழைத்து வாசித்து, 2008-ஆம் ஆண்டில் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும் பெற்றார்கள். அந்நியக் கருவி என்று தொடக்கத்தே தள்ளியிருப்பின் இப்பெருமை நமக்கு எய்தியிராது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. பின்வரிசையில் இருத்தல் தகுதியின்மைக்கு அடையாளமன்று; ஹோராக் ஒருவர் தனித்து நின்று வாசிக்கத் துணிந்தமையால் ஒரு கருவியின் வரலாறே மாறிற்று. பழமையை நன்கு கற்றவனே புதுமையைப் பயனுறச் செய்கின்றான். டால்பியின் சாதகமும் ஸ்பார்னேயின் பயிற்சியும் இதற்குச் சான்று. பொறி மூச்சிற்குப் பகையன்று. மூச்சு தன் இயல்பை இழவாத அளவும் பொறி அதற்கு ஏவலாளே.

ஆதலின், பழகாத இசை செவியிற் படுங்கால், மாணவர்களாகிய நாம் முதலில் முழுதும் கேட்டல் வேண்டும். அதனை ஆக்கியோன் எதனைத் தேடினான் என்று வினவுதல் வேண்டும். தேடியதனைக் கண்டனனோ என்று அதன் பின்னரே ஆராய்தல் வேண்டும். பிடிக்கவில்லையென்று கூறும் உரிமை நமக்கு என்றும் உண்டு. கேளாது கூறும் உரிமை இல்லை. அயல்நாட்டுப் புத்திசைக்கும் நம் மொழியில் இன்று எழும் புதுக்கவிதைக்கும் இவ்விதி ஒன்றே.